ஹீட்டிங் பேட் புரூடரில் குஞ்சு வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்க்கோழி தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குவதில்லை. குளிரெடுக்கும் குஞ்சு அதன் வயிற்றுக்கடியில் புகுந்து, முதுகை ஒட்டவைத்துச் சூடேறியதும் வெளியே ஓடிவிடுகிறது. முதுகுவலிக்கு ஒத்தடம் கொடுக்கப் பயன்படும் மின் ஹீட்டிங் பேடை, குகைபோல் வளைத்த கம்பி வலையின்மேல் விரித்துக் கட்டிச் செய்யும் வீட்டுப் புரூடரும் (தாயில்லாக் குஞ்சுகளுக்குச் சூடு தரும் அமைப்பு) இப்படித்தான் இயங்குகிறது. பல்ப் வைத்து வளர்த்துப் பழகியவர்கள் பல்புக்குரிய கணக்கை இதற்கும் போட்டுப் பார்ப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

பல்ப் முறையில் முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வைத்து, பின்னர் வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி வீதம் குறைப்பார்கள். அந்த எண்ணை எதிர்பார்த்துக் குகைக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டால் அது குறைவாகக் காட்டக்கூடும். உடனே பதறிப்போய்ப் பெட்டியைச் சுற்றிலும் மூடுவதும் கூடுதலாக ஒரு பல்பைத் தொங்கவிடுவதும் குஞ்சுகள் ஒதுங்குவதற்குக் குளிர்ந்த இடமே இல்லாமல் செய்துவிடும். வெப்பமானி அளப்பது காற்றை, குஞ்சின் முதுகு தொடுவதோ பேடை. ஆகவே குஞ்சுகளின் நடத்தையைத்தான் நம்ப வேண்டும். விடாமல் உரக்கக் கீச்சிட்டால் குளிர்கிறது. அலகைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையைத் தொங்கவிட்டு விலகிப் படுத்தால் சூடு அதிகம். உடல் உள்ளேயும் தலை வெளியேயுமாகச் சத்தமின்றித் தூங்குகின்றன என்றால் எதையும் தொட வேண்டாம்.

முதுகு பேடைத் தொட்டால்தான் சூடு கிடைக்கும் என்பதால், குகையின் உயரத்தில் செய்யும் பிழை நேரடியாகக் குஞ்சைப் பாதிக்கிறது. பிறந்த குஞ்சு நின்றால் முதுகு படுகிற அளவுக்குப் பின்பக்கம் தாழ்ந்தும், வாசல் சற்று உயர்ந்தும் இருந்தால், ஒவ்வொரு குஞ்சும் தனக்கு ஏற்ற இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். ஆனால் பின்மூலை குறுகலாகிப்போனால், நெரிசலில் அங்கே மாட்டும் குஞ்சு வெளிவர முடியாமல் நசுங்கிவிடும். பேடைக் கம்பியோடு கட்டாமல் சும்மா போர்த்தினாலும் நடுவில் தொய்ந்து இதே ஆபத்து உண்டாகும். குஞ்சுகள் வேகமாக வளர்வதால் சில நாள்களுக்கு ஒருமுறை கம்பி வலைச் சட்டத்தை உயர்த்த வேண்டும். கூளம் சேரச் சேரத் தரைமட்டமும் உயர்வதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

பேடைத் தரையில் விரித்து அதன்மேல் குஞ்சுகளை விடுவது இன்னொரு தவறு. மேலே கூளமும் குஞ்சுகளும் அழுத்த, வெளியேற வழியில்லாத வெப்பம் ஓரிடத்தில் தேங்கும்.

பேடைத் தேர்ந்தெடுக்கும்போது அது தானாக அணையும் வகையா என்று பார்க்காமல் வாங்குபவர்கள் நள்ளிரவில் ஏமாறுகிறார்கள். பல பேடுகள் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தாமாகவே அணைந்துவிடும்; தொடர்ந்து இயங்கும் வசதியுள்ளதே இதற்கு உதவும். இவை மனிதர் உடலுக்கென, ஆள் பார்வையில் பயன்படுத்தத் தயாரிக்கப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. கூர்மையாக மடித்தால் உள்ளிருக்கும் கம்பி முறியக்கூடும், ஊசி குத்திப் பொருத்தினால் காப்புறை கிழியும். ஈரமும் எச்சமும் படாதபடி உறையிட்டு, மின்வடத்தைக் குஞ்சுகள் கொத்த முடியாத வழியாகக் கொண்டுசென்று, குஞ்சுகள் வருவதற்கு முன்பே ஒரு முழுநாள் ஓடவிட்டுச் சோதித்துவிடுவது நல்லது.

குஞ்சுகளைப் பெட்டியில் விட்டதும் அவையாகவே குகையைக் கண்டுபிடிக்கும் என்று நம்பிவிடுகிறோம். பல்பைப் போல வெளிச்சம் காட்டி அழைக்க இதனால் முடியாது. கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளத் தாயும் இல்லை. முதல்நாள் ஒவ்வொன்றையும் கையால் எடுத்து உள்ளே விட்டு, இருட்டும் வேளையில் எல்லாம் உள்ளே இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓரிரு நாளில் பழகிவிடும். இரவு விளக்கு தேவையில்லை. இருளில் உறங்கி, விடிந்ததும் எழுந்து தீனி தின்னும் பழக்கம் இந்த முறையில் இயல்பாகவே வந்துவிடுகிறது.

கூளத்துக்குப் பதிலாகச் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி விரிந்துபோகும். தூங்குமிடத்தில்தான் எச்சம் அதிகம் சேர்வதால், குகைக்கடியில் உள்ள மரச்சீவலை அடிக்கடி மாற்ற வேண்டும். ஈரக் கூளம் இரத்தக் கழிச்சல் நோய்க்கு வழிவிடும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், குகைக்கு வெளியே இருக்கட்டும்.

மின்தடை வந்தால் குகையின்மேல் கனத்த துணியைப் போர்த்தி, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை உள்ளே வைக்கலாம். காற்றோட்டம் அடைபடக் கூடாது. இறகு முளைத்த 5, 6 வாரங்களில் குஞ்சுகள் குகைக்குள் நுழைவதை விட்டு, அதன்மேல் ஏறி உட்கார ஆரம்பிக்கும். அப்போதும் ஒரே நாளில் எடுத்துவிடாமல், முதலில் பகலிலும் பிறகு இரவிலும் அணைத்துப் பார்த்து, மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் மேலும் சில இரவுகளுக்குப் பேடை ஓடவிடுங்கள்.