மறந்த நிகழ்வை மீட்க, இடத்திலிருந்து தொடங்குங்கள்

பழைய நிகழ்வு எதுவும் மூளையில் ஒரே இடத்தில் முழுதாக இருப்பதில்லை. காட்சி பிடரிப் பக்கத்துப் புறணியிலும் (புறணி என்பது மூளையின் மேலடுக்கு), ஒலி காதோரப் புறணியிலும் சிதறிக் கிடக்கும்; அவற்றைக் கோத்து வைப்பது மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. ஒரு துண்டு சிக்கினால் மற்றவற்றையும் அது இழுத்து வரும். அதனால் 'என்ன நடந்தது?' என்று முட்டிக்கொள்ளாமல், கண்ணை மூடி இடத்தை நினையுங்கள்: வாசல் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, யார் எங்கே உட்கார்ந்திருந்தார், என்ன வாசனை. இரண்டு மூன்று நிமிடம் போதும். வரவில்லையா, வேறொரு துண்டிலிருந்து தொடங்குங்கள்.

இடைவெளியை ஊகத்தால் நிரப்பாதீர்கள். அமிக்டலா (மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் பகுதி) உணர்ச்சியேற்றிய நினைவு பளிச்சென்று தெரியும். அதனாலேயே அது சரியாகிவிடாது. மற்றவரிடம் கேட்கும் முன் உங்களுக்கு வந்ததை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் சொன்னதுகூட உங்கள் நினைவாகவே ஒட்டிக்கொள்ளும்.