செவலையோடு மலையடிவாரம்: மதுரைப் பக்கம் நாயுடன் நடக்க

நாயைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடக்க ஆசையா? முதலில் காட்டை மறந்துவிடுங்கள். அழகர்மலை மாதிரியான காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நாயோடு நுழைந்தால் வேட்டைக்கு வந்த ஆள் என்றுதான் வனக்காவலர் நினைப்பார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலைக்காட்டில் தீ பிடித்து உயிர்கள் போனபிறகு மலையேற்றத்துக்கான விதிகளும் இறுகிவிட்டன.

ஆனால் காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் மதுரையைச் சுற்றி ஏராளமான இடம் கிடக்கிறது. கண்மாய்க்கரை, வண்டிப்பாதை, மொட்டைப்பாறை, ஆடு ஏறி இறங்கித் தேய்ந்த தடம். நானும் செவலையும் நடப்பது அங்கேதான். செவலை என் நாய், சிப்பிப்பாறை இனக் கலப்பு. கால் நீளம், பொறுமை குறைவு.

தடத்தை முதலில் வீட்டிலிருந்தே தேடலாம். கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, பாறையும் கண்மாயும் அருகருகே இருக்கும் இடத்தைப் பாருங்கள். புதருக்கு நடுவே வெளிறிய கோடு ஓடினால் அது பெரும்பாலும் ஆட்டுத்தடம். அந்த இடம் காப்புக்காடா என்பதை இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சரிபார்க்கலாம். பட்டாவா புறம்போக்கா என்ற சந்தேகம் வந்தால், புல எண் தெரிந்தால் போதும், அரசின் இணையதளத்தில் கிராம நிலப் பதிவேடான ‘அ’ பதிவேடு காட்டிவிடும். பட்டா என்றால் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

இவ்வளவும் சேர்ந்தாலும் ஆடு மேய்க்கிறவர் சொல்லும் ஒரு வரிக்கு ஈடாகாது. அவரிடம் கேட்கவும் ஒரு முறை உண்டு. தூரத்திலேயே நின்று, நாயை உட்காரவைத்து, கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். அவருடைய முதல் கவலை ஆடு.

“கடிக்குமா தாயி?”

“கயித்தை விட மாட்டேன் அய்யா. அந்தப் பாறைக்கு அங்கிட்டு பாதை இருக்கா?”

“இருக்கு. கெணறு ரெண்டு தரையோட தரையாக் கெடக்கு. நாயி சூதானம்.”

இந்தக் கிணறு விஷயம் எந்த வரைபடத்திலும் இருக்காது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளும், மேலூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரிகளும்தான் எனக்குப் பாம்பைவிடப் பயம். குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் பளிங்காய் இருக்கும், பக்கமெல்லாம் செங்குத்தாக அறுத்த பாறை. உள்ளே குதித்த நாய்க்கு ஏறி வர இடமே இருக்காது.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: காட்டுப்பன்றிக்கு யாராவது அவுட்டுக்காய் வைக்கிறார்களா? தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைப்பது அது. நாய் கடித்தால் தாடை போய்விடும். சட்டவிரோதம்தான், ஆனாலும் வைக்கிறார்கள். அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் அந்தத் தடத்தை விட்டுவிடுங்கள். மற்ற நேரத்திலும் தரையில் கிடப்பதை வாயில் வைக்காமல் இருக்கப் பழக்குவது அவசியம். நான் ‘விடு’ என்பேன். விட்டதும் ஒரு துண்டு கருவாடு.

கயிறு எப்போதும் வேண்டும். கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றும் ஹார்னஸ் நல்லது, பாறையில் சறுக்கினால் தூக்கிப் பிடிக்கலாம். மயில் இல்லாத மலையடிவாரம் இந்தப் பக்கம் கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில், மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. உங்கள் நாய் ஒன்றைக் கவ்வினால் ‘தெரியாமல் நடந்தது’ என்று சொல்லித் தப்ப முடியாது.

நேரம் விடிகாலைதான். ஐப்பசியிலிருந்து மாசிவரை சுகமாக நடக்கலாம். பங்குனி பிறந்தால் ஏழரை மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். புறங்கையைப் பாறையில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் பிசுபிசுத்து, நடை தள்ளாடினால் நடந்தது போதும். நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தாராளமாக ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதற்கும் சேர்த்துத்தான் தண்ணீர் எடுத்துப்போக வேண்டும். மலைச்சுனையில் நாயை இறக்காதீர்கள், அது ஊர்க்காரர் குடிக்கும் தண்ணீராக இருக்கலாம், சாமிக்கு எடுக்கும் தண்ணீராகவும் இருக்கலாம்.

கற்குவியல் பக்கம் மூக்கை நீட்ட விடாதீர்கள். சுருட்டைவிரியன் அங்கேதான் ஒடுங்கிக் கிடக்கும். செதிலை உரசி ‘சரசர’வென்று சத்தம் கொடுக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவதோ கீறுவதோ வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பாம்புக்கடி மருந்து எந்தக் கால்நடை மருத்துவமனையில் இருக்கிறது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் தவறாமல் போட்டிருக்க வேண்டும், இதில் சமாதானமே கிடையாது.

எங்கே தொடங்கலாம்? கீழக்குயில்குடி நல்ல இடம். சமணர் மலையடியில் தாமரைக்குளம், பக்கத்தில் ஐயனார் கோயில், பெரிய ஆலமரங்கள். மலைமேல் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருப்பதால் நாயோடு படியேற வேண்டாம். அடிவாரத்தை ஒட்டி முத்துப்பட்டிப் பக்கமாக நடந்தாலே செவலைக்கு மோந்து தீராது. கோயிலைத் தாண்டும்போது கயிற்றை இன்னும் குட்டையாக்கிக்கொள்ளுங்கள், அங்கே ஊர்நாய்கள் படுத்திருக்கும். அவை குரைத்து வந்தால் ஓடாமல், நம் நாயை நமக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு மெதுவாக விலக வேண்டும்.

அரிட்டாபட்டிக்கு மட்டும் நாயை விட்டுவிட்டுப் போங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. வல்லூறுகள் கூடுகட்டும் பாறை, தேவாங்கும் எறும்புத்தின்னியும் உலவும் இடம். பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலையும் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டையும் நிதானமாகப் பார்க்கவும் கையில் கயிறு இல்லாமல் இருப்பதே வசதி.

வீடு திரும்பியதும் உடனே நாயை உள்ளே விடாதீர்கள். வாசலில் படுக்கவைத்து விரலிடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள்; நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தலையை ஓயாமல் உதறினால் காதுக்குள் புல்லூசி போயிருக்கலாம், தோண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணி காதுமடல் உள்பக்கம், அக்குள், வாலடியில் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் தலையோடு வந்துவிடும். அடுத்த சில வாரங்களில் சாப்பாட்டில் நாட்டமில்லாமல், ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.