அரசு மருத்துவ உதவிக்குத் தகுதி பெறுவது எப்படி? பினாங்குக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிறையில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் சிலர் மேசை போட்டு உட்கார்ந்து, அரசாங்கப் பாரங்களை நிரப்பச் சிரமப்படுகிறவர்களுக்கு உதவி வருகிறோம். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "எங்களுக்குக் காப்புறுதி எதுவும் இல்லை" என்பதுதான். அவர்களில் பலருக்கு, சந்தா எதுவும் கட்டாமலேயே அரசாங்கம் தரும் பாதுகாப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது; அல்லது ஒரு சிறு பதிவுப் பிழையைத் திருத்தினால் கிடைத்துவிடும். அது எந்தப் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. இந்த வழிகாட்டி அந்தப் பட்டியலைப் பற்றியது.

மலேசியச் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் புரோடெக்ட்ஹெல்த் நிறுவனம், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனையும் சிகிச்சை உதவியும் தர நடத்தும் பெக்கா பி40 திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கியபோது, 50 வயதைத் தொட்டவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த வரம்பு 40 வயதாகக் குறைக்கப்பட்டது. நம்மவர்களைப் பொறுத்தவரை இந்த ஒரு மாற்றம் மிகப் பெரியது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 50 வயதுவரை காத்திருந்து சோதித்தால், நோய் பத்தாண்டுகள் பழையதாகிவிட்ட பிறகுதான் தெரியவரும். ஆகவே வயது வரம்பைக் குறைத்தது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வயது வரம்பு தளர்ந்ததே தவிர நுழைவாயில் மாறவில்லை. எஸ்டிஆர் என்று நாம் சுருக்கிச் சொல்லும் ரஹ்மா ரொக்க உதவித் தொகையைப் பெறுகிறவரும் அவருடைய துணைவரும்தான் இத்திட்டத்துக்குள் வர முடியும். ரொக்க உதவிக்காகத் தொகுத்த பட்டியலை மருத்துவ உதவிக்கும் அளவுகோலாக்கியது அரசாங்கத்துக்கு எளிது. பட்டியலில் பெயர் தவறியவருக்கோ ஒரே சமயத்தில் இரண்டும் போய்விடுகின்றன.

ஆகவே முதல் வேலையாக, பெக்கா பி40 இணையத்தளத்தில் உங்கள் அடையாளக் கார்டு எண்ணை இட்டுத் தகுதி உண்டா என்று பாருங்கள். கைப்பேசி பழக்கமில்லாதவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். இரண்டு நிமிட வேலை. கணவர் எண்ணையும் மனைவி எண்ணையும் தனித்தனியே இட்டுப் பார்க்க வேண்டும். ஒருவருக்குத் தகுதி உண்டு என்றும் மற்றவருக்கு இல்லை என்றும் வந்தால், கோளாறு பெரும்பாலும் எஸ்டிஆர் பதிவில்தான் இருக்கும். இத்திட்டத்துக்கென்று தனியாக விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது, முகவரும் கிடையாது. "பெக்கா பி40 கார்டு எடுத்துத் தருகிறேன், ஐம்பது வெள்ளி கொடுங்கள்" என்று யாராவது வீட்டு வாசலில் வந்து நின்றால், தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

தகுதி இல்லை என்று வந்தால் அடுத்து எஸ்டிஆர் பதிவைப் பார்க்க வேண்டும். குடும்பமாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு மாத வருமான வரம்பு 5,000 ரிங்கிட். துணையின்றி வாழும் மூத்த குடிமக்களுக்கும் அதே வரம்புதான். திருமணமாகாத தனியாளுக்கு 2,500 ரிங்கிட். இங்கே மிகப் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. குடும்ப வருமானம் என்பது கணவன் மனைவி இருவருடைய வருமானமே. வேலைக்குப் போகும் மகனுடைய சம்பளத்தையும் மகளுடைய சம்பளத்தையும் அதில் கூட்டக் கூடாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மகன் மூவாயிரம் வாங்குகிறான் என்பதற்காக, மாதம் ஆயிரத்தெழுநூறு வாங்கும் தந்தை "நாங்கள் வரம்பைத் தாண்டிவிட்டோம்" என்று விண்ணப்பிக்காமலேயே இருந்துவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரும் அவரை நிராகரிக்கவில்லை. அவரே தம்மை நிராகரித்துக்கொண்டார்.

இரண்டாவது சிக்கல் நம் சமூகத்துக்கே உரியது. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு, முஸ்லிம் அல்லாதவர்கள் கோயிலில் தாலி கட்டினாலும் தேசியப் பதிவு இலாகாவில் பதிவு செய்தால்தான் அது சட்டப்படி திருமணம். தோட்டத்திலிருந்து வந்த பல குடும்பங்களில் இது நடக்கவே இல்லை. சென்ற ஆண்டு எங்கள் மேசைக்கு வந்த ஓர் அம்மாவுக்கு வயது 46. கணவர் லாரி ஓட்டுகிறார். மைலோ டின் ஒன்றில் அத்தனை ஆவணங்களையும் சுருட்டி வைத்திருந்தார்: மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், மின்சார பில், மங்கிப்போன திருமணப் படம் ஒன்று. திருமணப் பத்திரம் மட்டும் இல்லை. கணவருக்கு எஸ்டிஆர் வந்துகொண்டிருந்தது, ஆனால் தனியாள் என்ற பிரிவில். ஆகவே பட்டியலில் மனைவி என்று ஒருவரே கிடையாது. கிளினிக்கில் அந்த அம்மாவின் மைகார்டு என்ற அடையாளக் கார்டைத் தட்டிப் பார்த்தவர்கள் "தகுதியில்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று சொல்ல அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. "இருபத்து நாலு வருஷமா கழுத்துல கெடக்குது, இதுக்கு மேல என்னய்யா அத்தாட்சி?" என்று அந்த அம்மா தாலியைத் தூக்கிக் காட்டினார். எங்களிடம் பதில் இல்லை.

இத்தகைய நிலையில் இருக்கிறவர்கள் முதலில் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய், திருமணத்தைப் பதிவு செய்ய என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டு, அந்த வேலையை முடித்துவிடுங்கள். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், அலைச்சலும் உண்டு. திருமணப் பத்திரம் கைக்கு வந்த பிறகு எஸ்டிஆர் பதிவில் துணைவரின் விவரத்தையும் பிள்ளைகளின் விவரத்தையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். நான் சொன்ன அந்த அம்மா அப்படித்தான் செய்தார். தனியாள் பிரிவிலிருந்து குடும்பப் பிரிவுக்கு மாறியதில் ரொக்க உதவியும் கூடியது.

கணவரை இழந்தவர்கள் வேறொரு விதத்தில் விடுபடுகிறார்கள். எஸ்டிஆர் கணவர் பெயரில் வந்துகொண்டிருந்து அவர் காலமாகிவிட்டால், மனைவி தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகளைப் பராமரிக்கிறவர் குடும்பப் பிரிவிலும், 60 வயதைக் கடந்து தனித்திருப்பவர் மூத்த குடிமக்கள் பிரிவிலும் சேர்வார். கருமாதி முடிந்த கையோடு இதைச் செய்யச் சொல்வது கல்மனமாகத் தோன்றலாம். ஆனால் ஓராண்டு தள்ளிப்போட்டால் ஓராண்டுக்கான பாதுகாப்பு போய்விடும். அதேபோல, சட்டப்படி மணவிலக்கு ஆகாமல் பிரிந்து வாழ்கிறவர்களுக்கு, பதிவில் இன்னமும் கணவருடைய வருமானம் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். உண்மை நிலையை எழுத்தில் தெரிவித்து மேல்முறையீடு செய்வதைத் தவிர அதற்குக் குறுக்கு வழி இல்லை.

எஸ்டிஆர் விண்ணப்பத்தையும் திருத்தத்தையும் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் செய்யலாம்; வாரியத்தின் கிளை அலுவலகத்துக்கு நேரில் போயும் கொடுக்கலாம். மைகார்டு, துணைவரின் மைகார்டு, திருமணப் பத்திரம் அல்லது இறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நகலெடுத்துச் செல்லுங்கள். நாள்கூலி வேலை செய்கிறவர்களிடம் சம்பளச் சீட்டு இருக்காது. முதலாளியிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஆண்டுக்கணக்கில் தொடாத வங்கிக் கணக்கு முடங்கிப் போயிருக்கும். அதன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

தகுதி உறுதியானதும் செய்ய வேண்டியது இலவச உடல்நலப் பரிசோதனை. இத்திட்டத்தில் பதிந்துகொண்ட தனியார் கிளினிக்கிலோ அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலோ செய்துகொள்ளலாம். போவதற்கு முன்பு தொலைபேசியில் அழைத்து நேரம் கேளுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். மனநலம் பற்றிய கேள்விகளும் உண்டு. அந்தக் கேள்விகளுக்கு நம் பெண்கள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். தூக்கம் வராததை வெளியே சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பரிசோதனைக்கு இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை இரத்தம் கொடுக்க, இரண்டாம் முறை முடிவைக் கேட்க. இரண்டாம் முறை போகாதவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் மனம் நோகும். "ஒன்றும் சொல்லவில்லையே, நன்றாகத்தான் இருக்கும்" என்பது அவர்களுடைய வாதம். சர்க்கரையோ கொழுப்போ கூடுதலாக இருந்தால், முடிவுத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் பதிந்து, தொடர்ந்து மருந்து வாங்குங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட். மருந்தும் அதற்குள் அடக்கம்.

பெக்கா பி40 வெறும் இரத்தப் பரிசோதனை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இதன் பெரிய பயன் நோய் முற்றியவர்களுக்குத்தான். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் தகுதியுள்ள ஒருவருக்கு இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட், எலும்பு அறுவைக்கான உலோகப் பொருத்துகள் போன்ற மருத்துவக் கருவிகள் தேவைப்பட்டால், மொத்தம் 20,000 ரிங்கிட் வரை இத்திட்டம் ஏற்றுக்கொள்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடங்கி முழுமையாக முடிக்கிறவருக்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகை உண்டு. போக்குவரத்துச் செலவுக்குத் தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரையும், சபா, சரவாக், லாபுவானில் 1,000 ரிங்கிட் வரையும் தருகிறார்கள். பாலிக் பூலாவிலிருந்தும் நிபோங் திபாலிலிருந்தும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக நாள்தோறும் போய்வருகிறவர்களுக்கு அந்த ஐந்நூறு சின்னத் தொகையன்று.

கருவி உதவியில் ஓர் எச்சரிக்கை. மருத்துவர் கருவி வேண்டும் என்று சொன்னவுடன் கடன் வாங்கிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். அந்த நேரத்திலேயே "பெக்கா பி40 வழி விண்ணப்பிக்க முடியுமா?" என்று கேட்டு, மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பினாங்கு மருத்துவமனை உள்ளிட்ட பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் அப்படி ஒரு பிரிவு உண்டு. நகையை அடகு வைத்துக் கட்டிய பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு வந்தவருக்கு நாங்கள் எதுவும் செய்ய முடியாமல் போனது.

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு போன்ற திடீர் நோய்களுக்கு மடானி மருத்துவத் திட்டம் இருக்கிறது. 2023 ஜூன் 15ஆம் தேதி பத்து மாவட்டங்களில் தொடங்கியபோது பினாங்குத் தீவின் வடகிழக்கு மாவட்டமும் கோலாலம்பூரும் அவற்றில் இருந்தன. எஸ்டிஆர் பெறுகிறவர்கள் பதிந்துகொண்ட தனியார் கிளினிக்கில் இலவசமாகச் சிகிச்சை பெறலாம் என்பது ஏற்பாடு. அப்போது ஆண்டு வரம்பு குடும்பத்துக்கு 250 ரிங்கிட், தனித்திருக்கும் மூத்த குடிமகனுக்கு 125, தனியாளுக்கு 75. நீண்டகால நோய்கள் இதில் சேரா. கிளினிக்கில் உட்காரும் முன்பே, "மடானித் திட்டம் இங்கே உண்டா, என் கணக்கில் எவ்வளவு மிச்சம்?" என்று முகப்பில் கேட்டுவிடுவது பிற்பாடு முகம் சுளிப்பதைத் தவிர்க்கும்.

இவ்வளவு செய்தும் வெளியே நிற்கிறவர்கள் உண்டு. மாதம் 5,200 ரிங்கிட் வாங்கி நான்கு பிள்ளைகளை வளர்க்கும் குடும்பம், 37 வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டவர், தோட்டத்தில் பிறந்தும் நீல அடையாளக் கார்டு கிடைக்காதவர். முதல் இருவரும் குடிமக்கள் என்பதால் அரசாங்கக் கிளினிக்கின் ஒரு ரிங்கிட் கட்டணமும், நிபுணர் கிளினிக்கின் ஐந்து ரிங்கிட் கட்டணமும் அவர்களுக்கும் உண்டு. பெரிய செலவு வந்தால், மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவு வழியாகச் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே எஸ்டிஆர் பட்டியலை மட்டும் பார்ப்பதில்லை, குடும்பத்தின் உண்மையான வரவு செலவைக் கேட்கிறார்கள். ஆகவே வாடகைச் சீட்டு, கடன் தவணைச் சீட்டு, பள்ளிச் செலவுக் கணக்கு ஆகியவற்றையும் கொண்டு போங்கள். மூன்றாமவருக்குக் குடியுரிமைச் சிக்கல் தீராமல் இந்தக் கதவுகள் திறப்பதில்லை; வெளிநாட்டவருக்கான கட்டணம் பல மடங்கு கூடுதல். அவர்கள் மருத்துவ உதவியைத் தேடும் நேரத்திலேயே தேசியப் பதிவு இலாகா வேலையையும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் வழியாக நகர்த்த வேண்டியிருக்கிறது.

அந்தச் சேவை மையத்துக்குப் போகும்போது மற்றொன்றையும் எழுத்தில் கொடுத்துவிட்டு வரலாம். வயது வரம்பு ஐம்பதிலிருந்து நாற்பதுக்கு ஒரு முறை இறங்கியிருக்கிறது என்றால், இன்னும் கீழே இறக்கக் கேட்பதில் தவறில்லை. "எங்களுக்கு உதவுங்கள்" என்று பொதுவாக எழுதுவதைவிட, விடுபட்டவரின் வயது, வருமானம், எந்தக் காரணத்துக்காகத் தகுதி மறுக்கப்பட்டது என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எங்கள் மேசையில் இப்போது அதற்கென ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறோம்.

பரிசோதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். நினைவூட்ட யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். முடிவைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியதும் அடுத்த முறை போக வேண்டிய மாதத்தையும் ஆண்டையும் மைகார்டு நகலின் பின்புறம் பேனாவால் எழுதி, பிறப்புப் பத்திரங்களோடு அந்த டின்னிலேயே போட்டு வையுங்கள்.