வீட்டை அழகு பண்றப்போ கண்ணை மட்டும் நம்பாதீங்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுசா வீடு கட்டறவங்களும் சரி, இருக்கற வீட்டை மாத்தி அமைக்கறவங்களும் சரி, முதல்ல பண்ற வேலை ஒண்ணுதான், போன்ல நூறு இருநூறு போட்டோவை சேர்த்து வெச்சுக்கறது. அதுல தப்பில்ல, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா போட்டோல சூடு தெரியாது, சத்தம் தெரியாது, அந்த நாற்காலில அரை மணி நேரம் உக்காந்தா முதுகு என்ன பாடுபடும்னு தெரியாது. நான் பார்த்த பெரிய தப்பு எல்லாத்துக்கும் வேர் இங்கதான் இருக்கு, கண்ணு பார்த்து முடிவெடுத்துடறோம், அப்புறம் முழு உடம்போட அந்த வீட்ல வாழ வேண்டியிருக்கு.

ஜன்னல் கண்ணாடில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா தப்பாயிட்டா திருத்தவே முடியாத விஷயம் இது. சோபா பிடிக்கலன்னா வித்துடலாம், சுவருக்கு மறுபடி பெயின்ட் அடிச்சுடலாம், தரையில இருந்து சீலிங் வரைக்கும் மேற்கு பார்த்து வெச்ச கண்ணாடியை என்ன பண்ணுவீங்க? மீஸ் வான் டெர் ரோங்கற புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல ஒரு ஆத்தங்கரையில கட்டின ஃபார்ன்ஸ்வொர்த் வீடு 1951ல முடிஞ்சது, நாலு பக்கமும் கண்ணாடி, வெள்ளை அடிச்ச எட்டு எஃகு தூண், தரையே காத்துல மிதக்கற மாதிரி இருக்கும், எனக்கு எப்ப பார்த்தாலும் மனசு அடங்கிப்போற வீடு அது. ஆனா அதை கட்டச் சொன்ன டாக்டர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு வெயில் காலத்துல வேக்காடு, குளிர் காலத்துல கண்ணாடி பூரா தண்ணி கோர்த்து நிக்கும், செலவு விஷயமா ரெண்டு பேரும் கோர்ட் வரைக்கும் போனாங்க. அவ்வளவு பெரிய கைக்கே அப்படின்னா, போட்டோவை பார்த்து காப்பி அடிக்கற நமக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க.

லண்டன்ல 20 ஃபென்சர்ச் தெருவுல ரஃபேல் வினோலி டிசைன் பண்ணின, வாக்கி டாக்கின்னு எல்லாரும் கூப்பிடற கட்டடம் இருக்கு. உள்பக்கமா குழிஞ்ச கண்ணாடி முகப்பு, 2013ல வெயில் அதுல பட்டு ஒரே இடத்துல குவிஞ்சு கீழ நிறுத்தியிருந்த கார் ஒண்ணோட பாகங்கள் உருகிடுச்சு, அப்புறம் வெளியில நிழல் தடுப்பு மாட்டினாங்க. அந்த "வெளியில"ங்கற வார்த்தையை கவனிங்க. வெயில் கண்ணாடி வழியா ஒளியா உள்ள வந்துடும், தரையிலயும் துணியிலயும் பட்டு சூடா மாறிடும், அப்படி மாறின சூடு அதே கண்ணாடி வழியா சுலபமா வெளிய போகாது. அதனால உள்ள கனமா திரை போட்டா கண் கூசறது குறையும், சூடு ஓரளவுதான் குறையும், நிழல் கண்ணாடியை தொடறதுக்கு முன்னாடியே விழணும். சாயங்கால வெயில் தாழ்வா வர்றதால மேற்கு பக்கம் மேல நீட்டின சன்ஷேட் பெருசா உதவாது, நிக்கவெச்ச பட்டையோ ஒரு மரமோதான் தடுக்கும். பிளான் பேப்பர்ல திசை போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க, நிறைய பேர் அதை பார்க்கறதே இல்ல.

அடுத்து லைட். சீலிங் பூரா வரிசையா குட்டி குட்டி வட்ட லைட்டா குழி தோண்டி போட்டு, எல்லாத்தையும் ஒரே ஸ்விட்ச்ல கோர்த்து, 6500 கெல்வின் வெள்ளை பல்பு மாட்டிடறாங்க (கெல்வின்ங்கறது வெளிச்சத்தோட நிறத்தை சொல்ற அளவு, நம்பர் குறைய குறைய மஞ்சளா இருக்கும்). தரை பளிச்சுனு இருக்கும், ஆனா எதிர்ல உக்காந்திருக்கறவங்க முகத்தை பாருங்க, கண்ணுக்கு கீழ குழி விழுந்து பத்து வயசு கூடின மாதிரி தெரியும், ஏன்னா வெளிச்சம் முழுக்க உச்சந்தலைல இருந்து வருது. நாம ஒரு ரூமை பெருசா உணர்றது தரையை பார்த்து இல்ல, சுவரை பார்த்து, அதனால சுவர்ல வெளிச்சம் விழணும், மூலையில ஒரு ஸ்டாண்ட் லேம்ப், படிக்கற இடத்துல ஒண்ணு, தாழ்வா ஒண்ணு, தனித்தனி ஸ்விட்ச். ராத்திரி உக்கார்ற ரூமுக்கு 2700ல இருந்து 3000 கெல்வின் வரைக்கும் எடுத்துக்கோங்க. பல்பு டப்பாவுல சிஆர்ஐன்னு ஒரு நம்பர் இருக்கும், நிறத்தை எவ்வளவு உண்மையா காட்டும்ங்கற அளவு அது, 90க்கு மேல இருக்கறதா பார்த்து வாங்குங்க, அதுக்கு கீழ போகப்போக நல்ல மரம் கூட செத்த மாதிரி தெரியும், அதுலயும் சிவப்பும் மனுஷ தோலும்தான் முதல்ல வெளுத்துப்போகும்.

சிற்பி இசாமு நோகுச்சி 1951ல ஜப்பான்ல கிஃபுங்கற ஊருக்கு போய், அங்க பரம்பரையா காகித விளக்கு பண்றவங்களை பார்த்துட்டு அகாரி விளக்குங்களை உருவாக்க ஆரம்பிச்சார். மூங்கில் சட்டத்து மேல வாஷிங்கற ஜப்பான் காகிதம், உள்ள ஒரு பல்பு, அவ்வளவுதான். பல்பை நேரா பார்க்க விடாம காகிதம் மொத்தமும் ஒளிர்றதால ரூமே மெத்துனு ஆயிடும். எழுபது வருஷத்துக்கு மேல ஆகியும் அது பழசா தெரியாததுக்கு காரணம் ஸ்டைல் இல்லன்னு நினைக்கறேன், அது வெளிச்சத்தை சரியா புரிஞ்சுக்கிட்ட பொருள்.

அளவு விஷயத்துல பண்ற தப்பு ரொம்ப சாதாரணமா நடக்குது. ஷோரூம் சீலிங் எங்கயோ உயரத்துல இருக்கும், அங்க சின்னதா தெரிஞ்ச சோபா வீட்டுக்கு வந்தா ரூமையே முழுங்கிடும். வாங்கறதுக்கு முன்னாடி மாஸ்கிங் டேப் எடுத்து தரையில அதே நீள அகலத்துக்கு ஒட்டுங்க, ரெண்டு நாள் அதை சுத்தி நடந்து பாருங்க, இதுக்கு மேல நல்ல வழி எனக்கு தெரியல. நடக்கற வழிக்கு 75ல இருந்து 90 செ.மீ. வேணும், சோபாவுக்கும் முன்னாடி இருக்கற டீப்பாய்க்கும் நடுவுல 40, 45 செ.மீ. விட்டா கால் இடிக்காது, கப்பும் எட்டும். டைனிங் டேபிள் பொதுவா 75 செ.மீ. உயரம், நாற்காலி சீட் 45, நடுவுல 30 செ.மீ. கிடைச்சாதான் தொடை உள்ள போகும். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, டேபிள் பலகைக்கு அடியில சுத்தி ஒரு சட்டம் வரும், அது அந்த 30ல பத்தை தின்னுடும். எனக்கு அதுதான் நடந்துச்சு, கை வெச்ச நாற்காலி நாலு வாங்கினேன், அந்த கை சட்டத்துல இடிச்சு ஒண்ணு கூட உள்ள போகல, நாலும் எப்பவும் வெளியில நீட்டிக்கிட்டு நின்னுச்சு, கடைசியில டேபிளையே மாத்தினேன். அளந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை. படம் மாட்டறப்பவும் இதே கதைதான், தலைக்கு மேல எங்கயோ மாட்டிடறோம், படத்தோட நடு தரையில இருந்து 145, 150 செ.மீ. இருந்தா நிக்கறவங்க கண்ணுக்கு நேரா வரும், உக்காந்து பார்க்கற இடம்னா இன்னும் கொஞ்சம் இறக்குங்க.

சத்தத்தை பத்தி யாரும் பேசறதில்ல. பாலிஷ் போட்ட கான்க்ரீட் தரை, கண்ணாடி, வெறும் சுவர், சமையலறையும் ஹாலும் ஒண்ணா திறந்து கிடக்கறது, போட்டோல அமைதியா இருக்கும், உள்ள நாலு பேர் சேர்ந்து பேசினா சந்தைக்கடை. சத்தம் கெட்டியான பரப்புல பட்டு திரும்பி திரும்பி வருது, உறிஞ்ச எதுவும் இல்ல. காலி ரூம்ல நின்னு ஒரு தடவை கை தட்டுங்க, டிங்குனு வால் நீண்டா அங்க கனமான துணித் திரை, தடிமனான கார்பெட், புத்தகம் அடுக்கின அலமாரி ஏதாவது வேணும்னு அர்த்தம்.

பெயின்ட் கார்டுல விரல் நீளத்துக்கு பார்த்து நிறம் முடிவு பண்ணாதீங்க. சின்ன துண்டுல மென்மையா தெரியற நிறம் நாலு சுவர்ல ஏறினா ஒண்ணு மேல ஒண்ணு பிரதிபலிச்சு ரெண்டு மடங்கு அடர்த்தியா தெரியும். ஒரு பெரிய அட்டையில ரெண்டு கோட் அடிச்சு காலையிலயும் ராத்திரி லைட் போட்டும் பாருங்க.

பொருளோட குணம் தெரியாம அழகை மட்டும் பார்த்து வாங்கறது இன்னொண்ணு. மார்பிள் சுண்ணாம்பு வகை கல், எலுமிச்சை சாறு ஒரு சொட்டு விழுந்தா அமிலம் மேல் பாலிஷை அரிச்சு மங்கலா ஒரு வட்டம் போட்டுடும், அது கறை இல்ல, துடைச்சா போகாது, கல்லே குறைஞ்சிருக்கு. சமையல் மேடைக்கு கிரானைட் அந்த விஷயத்துல தாங்கும். மேட் கறுப்பு குழாயும் இப்ப எல்லா போட்டோலயும் வருது, உப்புத் தண்ணி வர்ற இடத்துல ஒரே வாரத்துல வெள்ளை பூத்துடும். பித்தளை, தோல், எண்ணெய் தேச்ச மரம் இதெல்லாம் கை பட பட அழகாகும், மரம் மாதிரி பிரிண்ட் போட்ட ஷீட் முதல் நாள்தான் அழகு, அப்புறம் ஓரம் பிரியும்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச இடத்துக்கு வர்றேன், தினமும் கையில எடுக்கற சின்ன பொருட்கள். கலைநயமா ஒரு பொருள் வாங்கறப்ப அது வேலை செய்யுமான்னு கேக்கறதையே நாம ஏதோ ரசனை குறைவுன்னு நினைச்சுக்கறோம், அப்படி இல்லவே இல்ல. டிசைனர் ஃபிலிப் ஸ்டார்க், அலெஸ்ஸிங்கற இத்தாலி கம்பெனிக்காக பண்ணி 1990ல வந்த ஜூசி சாலிஃப், மூணு நீள கால் மேல நிக்கற அலுமினிய எலுமிச்சை பிழியற கருவி, ரொம்ப புகழ் பெற்ற வடிவம். அதுல கொட்டையை தடுக்க வடிகட்டி கிடையாது, தங்க முலாம் பூசின பதிப்புல அமிலம் பட்டா கெட்டுடும், பிழியவே கூடாது. அதை சிலை மாதிரி நினைச்சு வாங்கறவங்களுக்கு ஒரு குறையும் இல்ல, பிழிய வாங்கினா ஏமாந்துடுவோம். வாங்கறப்பவே எதுக்குன்னு மனசுல தெளிவா இருக்கணும்.

எதிர்ப்பக்கம் ரெண்டு பொருள் சொல்றேன். மைக்கேல் தோனெட்டோட 14ஆம் நம்பர் நாற்காலி, 1859ல வந்தது, ஆவியில வளைச்ச மரம், ஆறே துண்டு, பத்து ஸ்க்ரூ, ரெண்டு நட்டு, கழட்டி அடுக்கினா ஒரு கன மீட்டர் பெட்டிக்குள்ள 36 நாற்காலி அடங்கும். ஃபின்லாந்து டிசைனர் ஆல்வார் ஆல்ட்டோவோட ஸ்டூல் 60, 1933, ஒரு வட்ட பலகை, வளைச்ச மூணு கால், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா சுழல் கோபுரம் மாதிரி நிக்கும். ரெண்டுலயும் அழகுன்னு தனியா எதையும் ஒட்டவெக்கல, மரம் எப்படி வளையும், கால் எங்க சேரணும்னு யோசிச்சதுலயே வடிவம் வந்துடுச்சு.

கப் வாங்கறப்ப காலியா தூக்கி பார்க்காதீங்க, தண்ணி ஊத்தி தூக்குங்க. கனமான களிமண் கப், சதுரமா ஒரு கைப்பிடி, பார்க்க அவ்வளவு அழகா இருக்கும், நிரப்பினதும் ஒரே விரல் தாங்குது, அந்த விரல் முட்டி சுடற கப் மேல போய் ஒட்டுது. உதட்டை வெக்கற விளிம்பை விரலால தடவுங்க, தடிமனா இருந்தா குடிக்கறப்ப ஓரமா வழியும். டீபாட்டும் அப்படித்தான், நான் ஆசைப்பட்டு வாங்கின ஒண்ணுல மூக்கு நுனி கொழுகொழுன்னு உருண்டையா இருந்துச்சு, ஊத்தி நிறுத்தறப்ப கடைசி சொட்டு எல்லாம் அந்த வளைவுலயே ஒட்டிக்கிட்டு மூக்குக்கு அடியில ஓடி மேஜை விரிப்புல ஒரு பழுப்பு கோடு போடும், தினமும். நுனி மெல்லிசா, வெடுக்குனு வெட்டின மாதிரி இருந்தா திரவம் அங்கயே அறுந்துடும். இப்ப எந்த கடையில டீபாட்டை எடுத்தாலும் கொஞ்சம் தண்ணி கேட்டு, மெதுவா ஊத்தி, பாதியில நிறுத்தி, மூக்குக்கு அடியில விரல் வெச்சு ஈரமா இருக்கான்னு பார்த்துட்டுதான் வாங்கறேன், யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல.