மான்கொம்புப் பெரணி: வீட்டில் வளர்க்கும் முறை

மான்கொம்புப் பெரணியை முதன்முறையாக வாங்கியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, அதன் அடியில் பழுப்பேறி ஒட்டிக்கிடக்கும் வட்ட இலைகளைச் சருகு என்று எண்ணிப் பிய்த்துவிடுவதுதான். என் முதல் செடியை நானும் இப்படிச் ‘சுத்தம்’ செய்துதான் இழந்தேன். அந்த இலைகள் பச்சையாகத் தோன்றி, காகிதம்போலக் காய்ந்து, வேரின்மீது கவசமாகப் படிந்து ஈரத்தைக் காப்பவை. காட்டில் மேலிருந்து உதிரும் சருகுகளைத் தாங்கி, அவை மக்கி உரமாவதற்கு இடம் தருபவையும் அவையே. மான்கொம்புபோலக் கிளைத்து நீளும் பச்சை இலைகள் வேறு வகை.

பிளாட்டிசீரியம் என்னும் இப்பேரினத்தில் ஏறத்தாழ 18 சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் வாலிச்சி மணிப்பூரிலும் காணப்படுகிறது. ஆனால், வீட்டுக்கு ஏற்றது, கிழக்கு ஆஸ்திரேலியாவையும் நியூகினியையும் தாயகமாகக் கொண்ட பைஃபர்கேட்டம்தான். நர்சரிகளில் பெரும்பாலும் கிடைப்பதும் அதுவே. மரங்களிலும் பாறைகளிலும் தொற்றி வளரும் இச்செடி, தான் பற்றியிருக்கும் மரத்திலிருந்து உணவை உறிஞ்சுவதில்லை. மண்ணில் வேரூன்றாமல் இப்படித் தொற்றி வளர்வதால், மண் நிரப்பிய தொட்டியைவிடப் பலகையே இதற்குப் பொருந்தும்.

ஒரு மரப்பலகையில் ஊறவைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியையோ (நீரைத் தேக்கிவைக்கும் ஒருவகைப் பாசி) தேங்காய் நாரையோ கைப்பிடியளவு குவித்து, அதன்மேல் வேர்க்கட்டியை வைத்து, தூண்டில் நரம்பால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். நடுவில் மென்ரோமம் போர்த்து மொட்டுப்போல இருக்கும் வளர்முனை பாசியில் புதையவும் கூடாது, நரம்பில் நசுங்கவும் கூடாது. நாளடைவில் புதிய கவச இலைகள் நரம்பையே மூடிவிடும்.

தண்ணீர் விடுவதில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. பலகையை வாளித் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, நீர் முழுவதும் வடிந்தபின் மாட்டவேண்டும். வாரம் ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. கோடையில் இருமுறை தேவைப்படலாம், மழைக்காலத்தில் அதைவிடக் குறைவாகப் போதும். நாள் எண்ணுவதைவிடப் பலகையைக் கையில் தூக்கிப் பார்ப்பது மேல்: ஊறியபோது கனத்த பலகை அட்டைபோல இலேசாகி, பாசியும் விரலுக்கு மொரமொரப்பாகத் தெரிந்தால் நீர் கொடுக்கலாம். கொம்பு இலைகள் துவண்டால் தாகம். அடிப்பகுதியில் கருமை படர்ந்தால் நீர் மிகுந்து அழுகல் தொடங்கியிருக்கிறது. இரண்டில் ஆபத்தானது பின்னதே. உப்புமிக்க ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, இயன்றபோது மழைநீரைப் பயன்படுத்துவது நல்லது.

நேரடி நண்பகல் வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள சன்னலருகே மாட்டினால் போதும். ஏசி காற்று நேராகப் படும் இடம் ஆகாது. வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, நீரில் கரையும் சமச்சீர் உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) உறையில் குறிப்பிட்ட அளவில் பாதியே கலந்து ஊறவைக்கலாம். கவச இலைக்குப் பின்னால் வாழைப்பழத்தோலைச் செருகும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. வீட்டுக்குள் அது பழ ஈக்களைத்தான் முதலில் அழைத்துவரும்.

இலையின்மேல் வெண்சாம்பல் நிறத்தில் தெரிவது தூசியன்று. நீரிழப்பைக் குறைக்கும் நுண்ரோமங்கள். துணியால் துடைத்தால் அவை மீண்டும் முளைக்கமாட்டா. அதுபோலவே, முதிர்ந்த கொம்பு இலைகளின் நுனியடியில் பழுப்பு வெல்வெட்டுப்போலப் படர்வது நோயன்று, வித்துத்தூள். ஆனால், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்துவரும் சிறு பழுப்பு மேடுகள் இருந்தால் அவை செதில் பூச்சிகள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். ரோமங்களில் பிசுபிசுத்துப் படியும் என்பதால் எண்ணெய்த் தெளிப்புகளை இச்செடிக்குத் தவிர்ப்பதே நல்லது.

நன்கு வளர்ந்த பைஃபர்கேட்டம் பக்கத்தில் குட்டிகளை விடும். ஒரு குட்டி தனக்கென ஒரு கவச இலையை விரித்து, உள்ளங்கையளவு வளர்ந்த பிறகே, கூரிய கத்தியால் வேரோடு அறுத்துப் புதிய பலகையில் கட்டவேண்டும். புதுவேர் பிடிக்கும்வரை அதன் பாசியைக் காயவிடக் கூடாது.