மலையில் வீடு, கீழே ஆஸ்பத்திரி: மெடிக்கல் இன்சூரன்ஸில் கட்டும் காசுக்கு முழுப் பலன் பெறும் வழி

மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று முடிவு செய்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்?" நீலகிரியில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும்.

காய்ச்சல், வீசிங், சின்ன அடி என்றால் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்கிறோம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்த பிறகு இன்னும் பலவற்றை இங்கேயே பார்க்க முடிகிறது. ஆனாலும் பைபாஸ், மூட்டு மாற்று, புற்றுநோய் என்று வந்துவிட்டால் குன்னூர், கோத்தகிரிக்காரர்களில் பெரும்பாலோர் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்குகிறார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் சுல்தான் பத்தேரி, கோழிக்கோடு, மைசூரு பக்கம் போகிறார்கள். பாலிசியை வாங்குவது மலையில்; அது வேலை செய்ய வேண்டிய இடம் கீழே. அதனால் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து, அங்கிருந்து பாலிசிக்கு வருவோம்.

படி 1: கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அதற்குத் தகுதி உள்ளவர்கள் முதலில் அந்த அட்டையை வாங்குங்கள். தனியார் பாலிசியை அப்புறம் யோசிக்கலாம். வேலை செய்யும் கம்பெனி குரூப் பாலிசி தருகிறது என்றால் நல்லதுதான். ஆனால் வேலையை விட்டால் பொதுவாக அதுவும் போய்விடும். ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரை, பிரஷரோடு புதிதாகப் பாலிசி தேடுவது லேசான காரியம் இல்லை.

படி 2: போகப்போகும் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதுங்கள்

அவசரம் என்றால் எங்கே போவீர்கள்? மூன்று பெயர் போதும்: மலையில் ஒன்று, கீழே இரண்டு. அந்த மூன்றும் இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் (அதோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலில்) இருக்கின்றனவா என்று அதன் இணையதளத்தில் தேடுங்கள். "பத்தாயிரம் ஆஸ்பத்திரி எங்களிடம் இருக்கு" என்று ஏஜென்ட் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள். நமக்குத் தேவை அந்த மூன்றுதான். தேடியதும் நின்றுவிடாமல், ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கே போன் செய்து, "இந்தக் கம்பெனிக்கு இப்போது கேஷ்லெஸ் கொடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். (கேஷ்லெஸ் என்றால், நாம் கட்ட வேண்டிய பில்லைக் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது.) பட்டியலில் பெயர் இருந்தாலும் இடையில் ஒப்பந்தம் நின்றுபோயிருக்கலாம்.

நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்ற ஏற்பாடு 2024 ஜனவரியிலிருந்து இருக்கிறது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்னதாகவும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கும் ஆஸ்பத்திரி சம்மதிக்க வேண்டும் என்பதால், இதை நம்பிப் பாலிசி வாங்காதீர்கள்.

அந்த போனிலேயே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "தனி ரூம் ஒரு நாளைக்கு எவ்வளவு, இரண்டு பேர் தங்கும் ரூம் எவ்வளவு?" அடுத்த படிக்கு அந்தத் தொகை வேண்டும்.

படி 3: ரூம் வாடகை வரம்பு (இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்)

கிளெய்ம் பணம் குறைந்து வந்து வீட்டில் சண்டை நடக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். உங்கள் காப்பீட்டுத் தொகை 5 லட்சம். ரூம் வாடகை அதில் 1 சதவீதம் என்று பாலிசி சொல்கிறது. அதாவது நாளுக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் ரூமில் நான்கு நாள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 3,000 ரூபாய், நான்கு நாளுக்கு 12,000. அதைக் கையிலிருந்து கட்டிவிடலாம் என்றுதானே தோன்றுகிறது?

கணக்கு அப்படிப் போகாது. 8,000-க்கு 5,000 என்ற அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். ரூம் 32,000, கிடைப்பது 20,000. டாக்டர், தியேட்டர் வகையில் 1,20,000, கிடைப்பது 75,000. மருந்து, டெஸ்ட், உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட் ஆகியவற்றில் இப்படி வெட்டக்கூடாது என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதி; ஆகவே அந்த வகையில் வரும் 80,000 முழுசாகக் கிடைக்கும். மொத்த பில் 2,32,000. கம்பெனி தருவது 1,75,000. உங்கள் கையிலிருந்து 57,000. ரூமுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தது 12,000தான். மீதி 45,000 அந்த ரூமைத் தேர்ந்தெடுத்ததால் வந்த வெட்டு. இதற்கு மேல் 10 சதவீத கோ-பே (கிளெய்மில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு) இருந்தால் இன்னும் 17,500 போகும்.

ஆக, ரூம் வாடகைக்கு வரம்பே இல்லாத பாலிசி, அல்லது "தனி ரூம்" என்று வகையைச் சொல்லும் பாலிசி இருந்தால், ஆண்டுக்கு இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் தகும். வரம்புள்ள பாலிசிதான் கட்டுப்படியாகிறது என்றால் அதுவும் குற்றமில்லை. அட்மிஷன் கவுன்டரில் நின்று, "என் வரம்பு 5,000, அதற்குள் ரூம் கொடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குச் செலவே இல்லை.

படி 4: மண்டலமும் ஆம்புலன்ஸும்

சில பாலிசிகள் ஊர்களை மண்டலமாகப் பிரித்து விலை போடுகின்றன. பெருநகரத்துக்குப் பிரீமியம் அதிகம், நம்மைப் போன்ற ஊர்களுக்குக் குறைவு. கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் குறைந்த மண்டல விலையில் வாங்கிவிட்டு மேல் மண்டல ஊரில் சிகிச்சை எடுத்தால், பில்லில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வரலாம். நீங்கள் இறங்கப்போகும் ஊர் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று கேட்டு, பதிலை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாக வாங்குங்கள்.

ஊட்டியிலிருந்து கோவை ஏறக்குறைய 85 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. 108 இலவசம்தான், ஆனால் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு வென்டிலேட்டரோடு மாற்ற வேண்டி வந்தால் பல நேரம் தனியார் ஆம்புலன்ஸ்தான் பிடிக்க வேண்டியிருக்கும். ஆரோக்ய சஞ்சீவனி என்ற, எல்லாக் கம்பெனியும் ஒரே நிபந்தனையில் விற்கும் பாலிசியில் ஒரு அட்மிஷனுக்கு ஆம்புலன்ஸுக்கு 2,000 வரைதான். சமவெளிக்காரருக்கு அது பெரிய விஷயம் இல்லை, நமக்குப் பெரிய விஷயம். வேறு பாலிசிகளை ஒப்பிடும்போது இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

படி 5: தொகையைக் கூட்ட சூப்பர் டாப்-அப்

ஒரே பாலிசியில் 25 லட்சம் எடுப்பதைவிட, 5 லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசியும், அதன் மேல் 20 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப்பும் எடுப்பது பொதுவாக மலிவு. "சூப்பர்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் டாப்-அப், ஒவ்வொரு பில்லும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டினால்தான் வேலை செய்யும். ஒரே வருஷத்தில் 4 லட்சம், 3 லட்சம் என்று இரண்டு பில் வந்தால் வெறும் டாப்-அப்பில் ஒன்றும் வராது. சூப்பர் டாப்-அப் வருஷத்து மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, மேலே உள்ள 2 லட்சத்தைக் கொடுக்கும்.

படி 6: எந்த மாதம் தொடங்குவது?

இதை எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டார். பச்சைத் தேயிலைப் பணத்தில் குடும்பம் நடத்துபவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி உறைபனி மாதங்கள் கையைக் கடிக்கும். பாலிசி எந்த மாதம் தொடங்குகிறதோ, ஒவ்வொரு வருஷமும் அதே மாதம்தான் ரினியூவல். ஆகவே இலை நன்றாக வரும் மாதத்தில் தொடங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கட்டுபவர்களுக்குத் தேதி தவறினால் 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் இடைவெளியில் படுத்தால் சிக்கல்.

பழைய ரசீதை வைத்துப் பிரீமியத்தை ஒப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மெடிக்கல் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. வரியைக் கழித்த தொகையோடுதான் புதிய பிரீமியத்தை ஒப்பிட வேண்டும்.

படி 7: விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள்

"சர்க்கரை இல்லைன்னு போட்டுடலாம் சார், பிரச்சனை வராது" என்று சொல்லும் ஏஜென்ட் கிளெய்ம் நாளில் போனை எடுக்க மாட்டார். இருப்பதை எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அதுவரை அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடையாது) அதிகபட்சம் 3 ஆண்டுதான். 2024 ஏப்ரலுக்கு முன்னால் 4 ஆண்டு வரை இருந்தது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பொதுவாக 2 ஆண்டு காத்திருப்பு. புதுப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் கிளெய்ம். தொடர்ந்து 5 ஆண்டு பாலிசி ஓடிவிட்டால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, "நீங்கள் மறைத்துவிட்டீர்கள்" என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது.

பாலிசி கைக்கு வந்ததும், அதோடு வரும் விண்ணப்ப நகலைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சொன்னது ஒன்று, அதில் இருப்பது வேறு என்றால் உடனே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பெரும்பகுதிப் பணத்தை வாங்கிவிடலாம். முக்கிய விவரங்களைச் சுருக்கிச் சொல்லும் தாளைத் தமிழிலேயே கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் படிக்க அது உதவும்.

படி 8: படுக்கும் நாளும், அதற்கு முன்னும் பின்னும்

கேஷ்லெஸ் கேட்டு விண்ணப்பித்தால் ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்கும் பணம் கம்பெனியின் பொறுப்பு. 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ இப்படிச் சொல்லிவிட்டது. மலைக்குத் திரும்புபவர்களுக்கு இது நேரடியாக உதவும்: ஃபைல் அனுப்பிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, காலையிலேயே டெஸ்க்கில் நச்சரியுங்கள். மைசூருவிலிருந்து கூடலூர் திரும்புபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பந்திப்பூர் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6-க்குத்தான் திறக்கும். ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கும், குறிப்பிட்ட சில அரசு பஸ்களுக்கும்தான் விலக்கு.

வீடு வந்ததும் ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் சேர்வதற்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை, அந்த நோய் தொடர்பான டெஸ்ட், டாக்டர் ஃபீஸ், மருந்துச் செலவைத் தனியாகத் தருகின்றன. குன்னூரில் எடுத்த ஸ்கேன், ஊட்டியில் முதலில் பார்த்த டாக்டரின் ஃபீஸ், ரிவியூவுக்கு இறங்கியபோது வாங்கிய மாத்திரை எல்லாம் இதில் அடங்கும். டாக்டர் எழுதிய சீட்டும், கடை பில்லும், டிஸ்சார்ஜ் சம்மரியும் சேர்த்து அனுப்ப வேண்டும். கேஷ்லெஸ் ஆனதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்து இந்தப் பணத்தை விட்டுவிடுபவர்கள் ஏராளம். கார் வாடகை மட்டும் இதில் வராது.

படி 9: மாற்றுவதும் முறையிடுவதும்

கம்பெனி பிடிக்கவில்லை என்றால், பாலிசியைக் கைவிட்டுப் புதிதாக எடுக்காதீர்கள், போர்ட் செய்யுங்கள், அதாவது தொடர்ச்சி விடாமல் வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காத்திருந்த ஆண்டுகள் கணக்கில் வரும். ரினியூவல் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே புதுக் கம்பெனியிடம் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

கிளெய்ம் மறுத்தால், எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவர்) ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆன்லைனிலேயே பதியலாம் என்பதால் அதற்காக மலை இறங்க வேண்டியதில்லை. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், அது கம்பெனிக்குக் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும்.