கொல்லிமலைக்கு முதன்முறை பைக்கில்: 70 வளைவுகளும் ஆயிரம் படிகளும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக இருக்கிறது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து அதன் மேல் ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் பாதையில் ஆயிரத்துக்கும் அதிகமான படிகள். மலைச்சாலையில் வண்டி ஓட்டிப் பழகாதவர்கள் ஒரே நாளில் இவ்விரண்டையும் முடித்துக்கொண்டு நல்லபடியாக வீடு திரும்ப என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சாலையில் கடினமான பகுதி இறக்கம், அது நாளின் கடைசியில் வருகிறது, அருவியில் கடினமான பகுதி ஏற்றம், அதுவும் குளித்துக் களைத்த பிறகுதான் வருகிறது. கீழே உள்ள ஒவ்வொரு படிநிலையும் அந்தத் திரும்பும் வழிக்காகவே எழுதப்பட்டது.

படி 1: வண்டியைச் சரிபார்த்தல்

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். முந்தைய இரவு பார்த்தால், கோளாறு தெரிந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது. முதலில் பிரேக். டிரம் பிரேக்காக இருந்தால் ஷூ தேய்ந்திருக்கிறதா என்றும், டிஸ்க் பிரேக்காக இருந்தால் பேடின் தடிமன் போதுமா என்றும் கேளுங்கள். டிஸ்க் பிரேக்கின் எண்ணெய் நாளாக நாளாகக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும் என்பதால், அதை மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. டயரில் காற்றை வண்டி நிறுவனம் சொன்ன அளவில் வையுங்கள், இருவர் செல்வதானால் பின் டயருக்கு அதற்கென்று குறிப்பிட்ட கூடுதல் அளவு. ஹாரனும் முகப்பு விளக்கும் வேலை செய்ய வேண்டும். 100 சிசி வண்டியும் இந்த மலையை ஏறிவிடும். ஆனாலும் முதல்முறை தனியாக ஓட்டுவதே நல்லது; பின்னால் ஒருவர் அமர்ந்தால் வளைவில் வண்டியின் நடத்தையே மாறிவிடுகிறது.

படி 2: நாளும் நேரமும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரையிலான வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். அருவியில் தண்ணீர் இருக்கும், சாலை காய்ந்திருக்கும். ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் சாலை முழுக்க வாகனங்கள் ஏறி இறங்கும். பார்க்க வேண்டிய விழாதான், ஆனால் வளைவுகளில் ஓட்டிப் பழகுவதற்கு ஏற்ற நாளன்று.

நேரத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இருட்டுவதற்கு முன் காரவள்ளியில் இருக்க வேண்டுமானால், மாலை 4 மணிக்கு மலைமேல் உள்ள ஊரான செம்மேட்டை விட்டுப் புறப்பட வேண்டும். அதற்கு, 2 மணிக்குள் அருவிப் படிகளை ஏறி முடித்திருக்க வேண்டும். ஆகவே படிகளில் இறங்கத் தொடங்குவது 10.30 மணிக்குப் பிந்தக் கூடாது. இப்படிப் பின்னோக்கி வந்தால், காலை 6 மணிக்கு அடிவாரத்தில் நிற்பது அவசியம் என்பது தானே விளங்கும். நாமக்கல்லிலிருந்து வருவோர் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகவும், சேலத்திலிருந்து வருவோர் இராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகவும் காரவள்ளியை அடையலாம். பெட்ரோலைச் சமவெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலையின் மேற்பரப்பு கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அடிவாரத்தைவிட நன்றாகவே குளிரும். காற்றுப் புகாத ஒரு மேலங்கியும் முழுவிரல் கையுறையும் வேண்டும்.

படி 3: ஏறுதல்

ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை இருக்கும். முதல் பத்து வளைவுகளைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கோ முதல் கியருக்கோ மாறிவிட வேண்டும்; வளைவின் நடுவில் கியர் மாற்றினால் அந்த ஒரு நொடியில் வண்டி இழுவை இழந்து நின்றுவிடும், ஏற்றத்தில் சாய்ந்தபடி நின்ற வண்டி கீழே விழத்தான் செய்யும். கிளட்சை முழுவதும் விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்துத் திரும்புங்கள். கண்கள் முன் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டாம், வளைவு முடிந்து சாலை எங்கே போகிறதோ அங்கே இருக்கட்டும். பார்வை போகும் பக்கம்தான் வண்டியும் போகும்.

இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் கூடுதல் கவனம் தேவை. நாம் இடப்பக்கமாகச் செல்வதால் வளைவின் உள்விளிம்பு நமக்கு வந்துசேர்கிறது, அங்கேதான் ஏற்றம் மிகச் செங்குத்து. விளிம்பை ஒட்டியே திரும்பினால் வண்டி திணறும், பயந்து அகலமாகத் திரும்பினால் எதிர்வரும் வண்டியின் பாதையில் போய் நிற்போம். நம் பாதியின் நடுவிலிருந்து தொடங்கி நடுவிலேயே முடிப்பது சரியான வழி. பேருந்துக்குத் திரும்புவதற்கு வளைவின் முழு அகலமும் தேவைப்படும். மேலே பேருந்தின் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பாகவே ஓரம் கட்டி நின்று அதை விடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனாலும் எதிரே வருபவருக்கு அது தெரியும் என்று நம்பி வளைவுக்குள் நுழைய வேண்டாம். படம் எடுக்க நிற்பதானால் நேர்ச்சாலையில் நில்லுங்கள், வளைவில் ஒருபோதும் நிற்காதீர்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் போட்டால் அவை சாலைக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும், அடுத்து வருபவர் அதற்கு விலை கொடுப்பார்.

படி 4: காட்சிமுனை

சோளக்காட்டுக்கு அருகில் உள்ள சீக்குப்பாறை காட்சிமுனையில் நின்றால், சற்றுமுன் நாம் விட்டுவந்த சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். காலையில் மூடுபனி மறைத்திருந்தால் ஏமாற்றத்துடன் கிளம்பிவிடாமல் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். வெயில் ஏற ஏறப் பனி கீழிருந்து கிழிந்து, முதலில் ஒரு வயலின் வரப்பும், பிறகு ஒரு ஏரியின் மினுக்கமும், அப்புறம் சாலையின் ஒரு துண்டுமாகத் தெரியத் தொடங்குவதைப் பார்ப்பது தெளிந்த வானத்தில் பார்ப்பதைவிட எனக்குப் பிடித்தமானது. பாறையின் விளிம்பில் பனி ஈரம் இருக்கும், தள்ளியே நில்லுங்கள். மிளகு, மலைவாழைப்பழம் வாங்குவோர் சோளக்காட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். அடுத்து செம்மேட்டில் ஓரியின் சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் ஆண்ட மலை இது.

படி 5: ஆகாய கங்கை

அறப்பளீசுவரரை வணங்கிவிட்டு, தலைக்கவசத்தையும் கனமான பொருள்களையும் மேலேயே பத்திரப்படுத்திவிட்டு இறங்குங்கள். ஐயாற்றின் தண்ணீர் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் இடம் இது. இறங்கும்போது மூச்சு வாங்காது, முழங்கால்தான் அடி வாங்கும். படியில் குதித்து இறங்காமல், உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கியபடி பாதத்தை முழுதாக வைத்து இறங்கினால் வலி பாதியாகக் குறையும். ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். அதில் பாதியை ஏறுவதற்கென்று தொடாமல் வைத்திருங்கள். வெள்ளம் பெருகும் நாட்களில் குளிக்கத் தடை விதிப்பார்கள், அதை மீற வேண்டாம். பாசி படிந்த பாறையில் ஈரச் செருப்பு நிற்காது. ஏறும்போது ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று மூச்சைச் சீராக்கிக்கொண்டு ஏறுங்கள், வேகமாக ஏறி நெடுநேரம் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும். மேலே வந்ததும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓய்வெடுங்கள். கால் நடுங்கும் நிலையில் பிரேக்கை மிதிக்கக் கூடாது.

படி 6: இறங்குதல்

என் முதல் பயணத்தில், 70-ஆவது வளைவிலிருந்து பின் பிரேக்கை மிதித்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். நாற்பதுகளில் எங்கோ துணி கருகுவது போன்ற வாடை வந்தது. வேறு ஏதோ வண்டி என்று நினைத்தேன். இரண்டு வளைவு கழித்து மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது, வண்டியின் வேகமோ குறையவில்லை. முன் பிரேக்கைப் பிடித்து, முதல் கியரைப் போட்டு, எப்படியோ ஓரம் கட்டி நின்றேன். டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. அது ஆறும் வரை நாற்பது நிமிடம் அந்தக் கல்திண்டில் உட்கார்ந்திருந்தேன்.

உராய்வின் சூடு அளவுக்கு மீறினால் பிரேக்கின் பிடிப்பு போய்விடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியின் வேகம் கூடாமல் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விடுவதோ, பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைப்பதோ, கிளட்சை அழுத்திக்கொண்டே உருளுவதோ கூடவே கூடாது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல், வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் நேரத்தில்தான் அது ஆறும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் மிகக் குறைந்தால் உள்ளிருக்கும் கிளட்ச் தானே விடுபட்டு எஞ்சினின் பிடிப்பு போய்விடும், ஆகவே ஸ்கூட்டர்காரர்கள் பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று பிரேக்கை ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது வளைந்துவிடக்கூடும். ஏறி வருபவருக்கு வழி விடுங்கள். மூடுபனி சூழ்ந்தால் விளக்கைத் தாழ்ந்த நிலையில் வையுங்கள். உயர்ந்த நிலையில் வைத்தால் பனியே வெள்ளைச் சுவராக முன்னால் நிற்கும்.

காரவள்ளியில் வண்டியை நிறுத்திக் கால்மணி நேரம் ஆறவிடுங்கள். இரண்டு பிரேக்குகளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்து, காலையில் இருந்த இறுக்கம் அப்படியே இருக்கிறதா என்று சோதித்துவிட்டு நாமக்கல் சாலையைப் பிடியுங்கள்.